சிறு டிராக்டர் வாங்குமுன் அறிய வேண்டுவன
(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும்போது நம்மில் எவரும் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைக் கையில் வாங்குவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம், கூடுமானால் ஏரில் பூட்டி ஒரு சால் ஓட்டியும் பார்க்கிறோம். விவரம் அறிந்த பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லவும் தவறுவதில்லை. ஆனால் மாட்டைக் காட்டிலும் பன்மடங்கு விலையுள்ள டிராக்டரை வாங்கும்போது மட்டும், அண்டை வயல்காரர் வாங்கிவிட்டார் என்பதையே காரணமாகக் கொண்டு கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டு விடுகிறோம். இவ்வழக்கம் மாற வேண்டும். டிராக்டரை வாங்குமுன் அது உருவாகும் இடத்திற்கே சென்று அதனை அறிந்துகொள்ள வேண்டும். அது நம் வாசலில் வந்து நிற்குமுன் அதன் அன்றாடப் பராமரிப்பையும் கற்றுக்கொள்ள வேண்டும். இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நம் எல்லையில் உள்ள வாய்ப்பு

இதனைச் செய்வதற்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்து உழவர்களுக்கு உள்ள வசதி, தமிழகத்தின் பல மாவட்டத்தார்க்கு இல்லை. கேழ்வரகும் அவரையும் விளைந்துவந்த ஓசூர்ப் பகுதி, 1971ஆம் ஆண்டில் சிப்காட் நிறுவனம் தோன்றியதற்குப் பின் பெரும் தொழில் வட்டாரமாக வளர்ந்தது. கனரக வாகனங்களும் மோட்டார் சைக்கிள்களும் அங்கே உருவாகின்றன என்பதை யாவரும் அறிவர். சிறு டிராக்டர்களும் அங்கே உருவாகின்றன என்பதை நம்மில் பலர் அறியார்.

1967ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு மிட்சுபிஷி நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுறவுடன் பெங்களூரில் தொடங்கப்பெற்றது வி.எஸ்.டி. டில்லர்ஸ் டிராக்டர்ஸ் என்னும் நிறுவனம். முதலில் பவர் டில்லர்களையும், பின்னர்ச் சிறு டிராக்டர்களையும் செய்து புகழ் பெற்றது. இதன் டிராக்டர்த் தொழிற்சாலை ஓசூரில் உள்ளது. பவர் டில்லர்த் தொழிற்சாலை எல்லைக்கு அப்பால், கர்நாடக மாநிலத்து மாலூரில் உள்ளது. சூளகிரியிலிருந்தோ, தளியிலிருந்தோ, கெலமங்கலத்திலிருந்தோ காலையில் புறப்பட்டால் ஓசூரைப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். இந்நிறுவனத்தின் பொருளையே வாங்குக என்பது நம் கருத்தன்று. சிறு டிராக்டர் செய்யும் நிறுவனங்கள் நாட்டில் பல உள. அருகிலிருக்கும் தொழிற்சாலையைப் பார்த்துக் கற்கும் அறிவு, எந்த நிறுவனத்தின் டிராக்டரை மதிப்பிடுவதற்கும் உதவும் என்பதே நம் கருத்து.

முதலில் கணக்கு

தொழிற்சாலைக்குப் புறப்படுமுன் வீட்டில் அமர்ந்து செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இவ்வளவு சிறிய நிலத்தில் டிராக்டருக்கு ஆண்டு முழுவதும் வேலை இராது.

ஒரு சிறு டிராக்டரும் அதற்குரிய கருவிகளும் சேர்ந்து ஐந்து இலட்சம் ரூபாய் ஆவதாக வைத்துக்கொள்வோம். பத்தாண்டுகள் உழைக்குமென்று கொண்டால் ஆண்டுத் தேய்மானம் 50,000 ரூபாய். கடன் சிறுகச் சிறுக அடைபடுவதால் சராசரியாக இரண்டரை இலட்சத்திற்கு நூற்றுக்குப் பத்து வீதம் வட்டி என்று கொண்டால், அது 25,000 ரூபாய். ஆகமொத்தம், டிராக்டர் கொட்டகையில் சும்மா நின்றாலும் ஆண்டுக்கு 75,000 ரூபாய் செலவு. ஆண்டில் 150 மணி நேரம் மட்டுமே அது ஓடினால், மணிக்கு 500 ரூபாய் இவ்வகையிலேயே போய்விடும். 500 மணி நேரம் ஓடினால் அதே செலவு மணிக்கு 150 ரூபாயாகக் குறையும். டீசல், ஆயில், ஓட்டுநர் கூலி, காப்பீடு ஆகியவை இதற்கு மேல்.

இக்கணக்கில் உங்கள் ஊர் விலையையும் உங்கள் வங்கி வட்டியையும் இட்டுப் பாருங்கள். வந்த விடை வெளியார் டிராக்டரின் வாடகையைவிட மிகுதியாக இருந்தால், தனியாக வாங்குவது நட்டமே. அப்போது இரண்டு வழிகள் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையும், கூட்டுறவுச் சங்கங்களும், வாடகை மையங்களும் தரும் இயந்திரங்களை அமர்த்திக்கொள்வது ஒன்று. நாலைந்து குடும்பங்கள் கூடி ஒன்றை வாங்கி முறை வைத்துப் பயன்படுத்துவது மற்றொன்று. வாங்காமலிருப்பதும் சில வேளைகளில் நல்ல முடிவே. தவணை கட்ட இயலாமல், டிராக்டரையும் இழந்து, ஈடு வைத்த நிலத்தையும் இழக்கும் நிலை எந்த உழவருக்கும் வரலாகாது.

எந்த வேலைக்கு எந்த அளவு

வாங்குவதென்று முடிவானால் அடுத்து அளவைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். பொதுவாக முப்பது குதிரைத்திறனுக்கு உட்பட்டவற்றையே சிறு டிராக்டர் என்று வழங்குகிறோம். மாந்தோப்பில் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் நுழையவும், ரோஜாத் தோட்டத்திலும் காய்கறிப் பாத்திகளிலும் வரிசைகளுக்கு இடையே செல்லவும், சிறிய வயலின் மூலையில் திரும்பவும் குறுகிய உடலமைப்புள்ள டிராக்டரே ஏற்றது. காவேரிப்பட்டணம், பர்கூர் வட்டாரங்களின் மாந்தோப்புகளுக்கும், தளிப் பக்கத்து மலர்த் தோட்டங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் இறுகிய மேட்டு நிலத்தில் கோடை உழவு ஆழமாக உழவும், பாரம் மிகுந்த டிரெய்லரை மேடுபள்ளமான சாலையில் இழுக்கவும் சிறு டிராக்டரை வருத்துவது, கன்றுக்குட்டியைக் கவலை இறைக்கப் பூட்டுவதற்கு ஒப்பாகும். நாம் செய்யப்போகும் வேலைகளை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அவற்றில் எது மிகுதியோ அதற்கேற்ப அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விற்பனைத் தாளில் கொட்டை எழுத்தில் காணும் குதிரைத்திறன் எஞ்சினின் திறன். சுழற்கலப்பையையும் மருந்து தெளிப்பானையும் இயக்குவதோ பின்புறத்துப் பி.டி.ஓ. தண்டு, அதில் கிடைக்கும் திறன் எஞ்சின் திறனைவிடக் குறைவாகவே இருக்கும். இவ்விரண்டையும் வேறு வேறாகக் கேட்டு அறிதல் வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரில் 1955ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. பி.டி.ஓ. திறன், இழுவிசை, டீசல் செலவு, ஹைட்ராலிக் கரங்கள் தூக்கும் எடை, பிரேக்கின் தன்மை யாவும் அவ்வறிக்கையில் காணப்படும். நாம் வாங்க எண்ணும் டிராக்டரின் சோதனை அறிக்கையைக் காட்டுமாறு விற்பனையாளரைக் கேட்பது நம் உரிமை. அரசின் மானியம் பெற விரும்புவோர், அந்த வகை டிராக்டர் மானியப் பட்டியலில் உள்ளதா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் முன்னதாகவே விசாரித்து அறிதல் நலம். முன்பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் விசாரிப்பதால் பயனில்லை.

தொழிற்சாலையில் காண வேண்டுவன

தொழிற்சாலை சந்தையன்று; நினைத்த நேரத்தில் உள்ளே நுழைய இயலாது. ஆகையால் பத்துப் பதினைந்து உழவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, பஞ்சாயத்தின் மூலமாகவோ விற்பனையாளர் மூலமாகவோ முன்கூட்டியே கடிதம் எழுதி, நாள் குறித்து, அனுமதி பெற்றுச் செல்ல வேண்டும். டிராக்டரை ஓட்டப்போகும் இளைஞரையும் உடன் அழைத்துச் செல்வது மிக அவசியம். கடனுக்குப் பொறுப்பேற்கும் வீட்டுப் பெண்களும் வருவது நல்லது. வரவு செலவை அறிந்தவர் அவர்களே அல்லரோ?

வரிசையாக நிற்கும் வண்ண டிராக்டர்களைக் கண்டு மகிழ்வதோடு நின்றுவிடலாகாது. மூடி போடாத எஞ்சினையும் திறந்த கியர்ப் பெட்டியையும் காணும் வாய்ப்பு வேறெங்கும் நமக்கு எளிதில் கிட்டாது. எண்ணெய் எவ்வழியே ஓடுகிறது, காற்று எவ்வழியே நுழைகிறது, கிளட்ச் எங்கே உள்ளது, எந்தப் பகுதி முதலில் தேயும் என்று கேட்டுக் கேட்டு அறிய வேண்டும். முடிந்த டிராக்டரை வெளியே அனுப்புமுன் எவ்வாறு சோதிக்கிறார்கள் என்பதையும் காட்டச் சொல்லலாம்.

கேட்பதற்குச் சில கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். நம் ஊருக்கு மிக அருகில் உதிரி பாகம் கிடைக்கும் இடம் எது? டீசல் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், ஃபேன் பெல்ட், கிளட்ச் தட்டு ஆகியவற்றின் விலை என்ன? இலவசப் பராமரிப்பு எத்தனை முறை, எத்தனை மணி நேர ஓட்டத்தில்? மெக்கானிக் ஊருக்கு வருவாரா, நாம் கொண்டுசெல்ல வேண்டுமா? உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எந்தக் காரணங்களால் அது செல்லாததாகும்? கையேடு தமிழில் உண்டா? தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் இவ்வட்டாரத்தில், ஓட்டுபவர் படிக்கக்கூடிய மொழியில் கையேடு கிடைப்பது சிறிய செய்தியன்று. விலை சற்றுக் குறைகிறதென்று எல்லைக்கு அப்பால் வாங்க எண்ணுவோர், பதிவு, மானியம், பராமரிப்பு ஆகிய மூன்றும் இங்கே தடையின்றிக் கிடைக்குமா என்று அறிந்த பின்னரே வாங்க வேண்டும்.

ஒருவேளை தொழிற்சாலைக்குள் அனுமதி கிட்டாவிடில் மனம் தளர வேண்டுவதில்லை. விற்பனையாளரின் பணிமனையில் ஒரு நாள் முழுவதும் இருந்து, பழுதுபார்க்க வந்துள்ள டிராக்டர்களைப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். எவை பழுதாகின்றன, ஏன் பழுதாகின்றன என்பதை அங்கே கண்கூடாகக் காணலாம்.

இயந்திரத்தோடு பயிற்சியும் சேர்ந்தே வரவேண்டும் என்பது புதிய கருத்தன்று. இன்று நம் டிராக்டர்களின் பின்னால் காணும் மூன்று முனை இணைப்பை உருவாக்கியவர் அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்கூசன். 1946ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் அவருடைய சிறு டிராக்டர்கள் பெருந்தொகையாக உருவாயின. அந்நகருக்கு அருகே ஸ்டோன்லி என்னும் இடத்தில் டிராக்டர்ப் பயிற்சிக்கென்றே ஒரு பள்ளியையும் அவர் நடத்தினார். நமக்கும் அத்தகைய இடங்கள் உள. ஆந்திரப் பிரதேசத்து அனந்தபூர் மாவட்டத்தில் கார்லதின்னே என்னும் ஊரில் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையத்தை மத்திய அரசு நடத்திவருகிறது. உழவர்க்கும் இளைஞர்க்கும் அங்கே வகுப்புகள் நடைபெறுகின்றன.

அன்றாடம் பத்து நிமிடம்

இனிப் பராமரிப்பைக் காண்போம். பெரும்பாலான பழுதுகள் ஒரே நாளில் வருவன அல்ல. பல நாள் கவனக்குறைவின் பயனாக வருவன. காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆயில் அளவுக்கோலைத் துடைத்து மீண்டும் விட்டு எடுத்து, இரண்டு கோடுகளுக்கும் இடையே ஆயில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் நீர் மட்டத்தை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். ரேடியேட்டரின் சல்லடையில் அடைத்த பதரையும் தூசியையும் நீக்க வேண்டும். டயர்களின் காற்று, சக்கரப் போல்ட்டுகள், ஆயில் கசிவு ஆகியவற்றை ஒருமுறை சுற்றி வந்து கண்ணால் பார்க்க வேண்டும். கிரீஸ் இட வேண்டிய முனைகளைத் துடைத்துவிட்டு இட வேண்டும். துடைக்காமல் இட்டால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது காற்று வடிகட்டி. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்று சுற்றினால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,000 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. ஒரு மணி நேரத்தில் 60,000 லிட்டர். கோடையில் செம்மண் புழுதி பறக்கச் சுழற்கலப்பை ஓட்டும்போது அக்காற்றோடு எவ்வளவு மண் செல்லும் என்று எண்ணிப் பாருங்கள். வடிகட்டி பழுதானால் அம்மண் உப்புத்தாள் போல் பிஸ்டனையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும். எண்ணெய்த் தொட்டியுள்ள வடிகட்டியானால் அதிலுள்ள ஆயில் சேறாகுமுன் மாற்ற வேண்டும். காகித வடிகட்டியானால் கையேட்டில் சொன்ன முறையில் தூசியை நீக்கி, உரிய காலத்தில் புதியது இட வேண்டும். சில நூறு ரூபாய் செலவுக்குத் தயங்கி எஞ்சினை இழப்பது அறிவுடைமை ஆகாது.

மாலையில் வேலை முடிந்ததும் டீசல் தொட்டியை நிரப்பி வைப்பது நல்ல பழக்கம். தொட்டி வெறுமையாக இருந்தால் இரவுக் குளிரில் உள்ளே ஈரம் படிந்து நீர்த்துளிகளாக டீசலில் கலக்கும். ஓசூரின் மார்கழிக் குளிரை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. டீசல் முற்றும் தீர்ந்து எஞ்சின் நின்றுவிட்டால் குழாயில் காற்று புகுந்துவிடும். மீண்டும் டீசல் ஊற்றினாலும் சில வேளைகளில் கிளம்பாது. அக்காற்றை வெளியேற்றும் முறையைப் பயிற்சியின்போதே நம் கையால் செய்து பார்த்துக் கற்க வேண்டும். இதற்காக மெக்கானிக்கை எதிர்பார்த்து, விதைப்புக்கு ஏற்ற ஈரத்தை இழப்பானேன்?

புதிய டிராக்டருக்கு முதல் ஐம்பது மணி நேரம் பச்சிளம் பருவம். அக்காலத்தில் பெரும் பாரம் ஏற்றலாகாது. குறித்த மணியில் முதல் ஆயிலை மாற்றி, அட்டையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பின்னர் எத்தனை மணிக்கு ஒருமுறை எதை மாற்றுவது என்பது வகைக்கு வகை வேறுபடும். கையேடு சொல்வதே முடிவு. டிராக்டருக்கு நாள் கணக்கும் மாதக் கணக்கும் போதா. முகப்பிலுள்ள மணிமீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வருதல் வேண்டும்.

உயிர் காக்கும் விதிகள்

இயந்திரம் பழுதானால் சரி செய்யலாம். போன உயிரை மீட்க இயலாது. சுழலும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்திற்கு 540 சுற்று, அதாவது ஒரு வினாடிக்கு ஒன்பது சுற்று சுற்றுகிறது. வேட்டி நுனியோ, தோள் துண்டோ, சேலை முந்தானையோ அதில் சிக்கினால் கையை எடுக்க நேரம் இராது. அதன் மேலுள்ள காப்பு மூடியைக் கழற்றி எறியலாகாது. கருவியைத் தொடுமுன் எஞ்சினை நிறுத்த வேண்டும்.

பாரத்தை இழுக்கும்போது சங்கிலியைத் தாழ்ந்த இழுவைக் கம்பியிலேயே மாட்ட வேண்டும். உயரமான இடத்தில் மாட்டினால் முன்புறம் தூக்கி, ஓரிரு வினாடியில் டிராக்டர் பின்னோக்கிக் கவிழ்ந்துவிடும். சாலையில் செல்லும்போது இரண்டு பிரேக் மிதிகளையும் தாழிட்டு ஒன்றாக்க வேண்டும்; இல்லையேல் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நின்று வண்டி புரளும். சக்கர மூடியின் மீது குழந்தைகளை அமர்த்தி ஓட்டும் வழக்கத்தை இன்றே விட்டொழிக்க வேண்டும். உரிமம், பதிவு, காப்பீடு ஆகிய மூன்றும் இன்றி டிராக்டரைச் சாலையில் ஏற்றலாகாது.

பஞ்சாயத்தின் பங்கு

இவற்றையெல்லாம் தனி உழவர் ஒருவரே செய்துகொள்வது கடினம். ஊர் கூடிச் செய்வது எளிது. ஆகையால் பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்னின்று சில காரியங்களைச் செய்யலாம். டிராக்டர் வாங்க எண்ணுவோரின் பட்டியலைத் தயாரித்து, அவர்களைக் குழுவாகத் தொழிற்சாலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். வேளாண்மைப் பொறியியல் துறைப் பொறியாளரை அழைத்து, ஊர்ப் பொது இடத்தில் ஒரு நாள் பராமரிப்பு வகுப்பு நடத்தலாம். அவ்வகுப்பில் ஊரில் ஏற்கெனவே உள்ள டிராக்டர் ஒன்றையே நிறுத்தி, வடிகட்டியைக் கழற்றி, ஆயிலை மாற்றிக் காட்டச் செய்தால், காதால் கேட்பது கையால் செய்வதாக மாறும். படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர் இருவரைப் பயிற்சி நிலையத்திற்கு அனுப்பி வைத்தால், அவர்களுக்குப் பிழைப்பும் ஊருக்கு மெக்கானிக்கும் ஒருசேரக் கிடைக்கும். ஊரிலுள்ள டிராக்டர்களின் வாடகையை எல்லோரும் அறிய எழுதி வைத்தால், வாங்குவதா வாடகைக்கு அமர்த்துவதா என்னும் கணக்கும் எளிதாகும்.

அன்பர்களே, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். எந்த மாதத்தில் எத்தனை பேர் ஓசூருக்குச் செல்வது, கடிதம் எழுதும் பொறுப்பு யாருடையது என்று அன்றே முடிவு செய்யுங்கள். நம் நிலத்தை ஈடாக வைத்து வாங்கும் இயந்திரத்தை, நம் கண்ணால் பார்த்து, நம் கையால் தொட்டு, நம் அறிவால் ஆராய்ந்து வாங்குவோமாக.